அம்மா டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார், காரணம் ரிமோட். வழி சொல்லுங்கள்

வாசல்விளக்கு எழுதியது:

அம்மாவுக்கு 78 வயது. அப்பா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இந்த முறை போனபோது டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “கண்ணு வலிக்குதும்மா, பாக்கறதில்ல” என்றார்.

கூட இரண்டு நாள் இருந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒருநாள் ஏதோ பட்டன் அழுத்தியிருக்கிறார். திரை நீலமாகி ‘சிக்னல் இல்லை’ என்று வந்திருக்கிறது. எதை அழுத்தியும் பழைய படம் திரும்பவில்லை. தான் டிவியைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், துணியைப் போட்டு மூடிவிட்டார். அத்தனை நாளும் வீட்டில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அங்கே இருக்கும்போதே மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லும்போது தலையாட்டுவார். மறுநாள் காலையில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். ரிமோட் இரண்டு: ஒன்று டிவிக்கு, ஒன்று செட்டாப் பாக்ஸுக்கு. வாஷிங் மெஷினும் இதே கதைதான். போன வருஷம் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் கையால்தான் துவைக்கிறார்.

வீட்டில் பெரியவர்களுக்கு இதையெல்லாம் பழக்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எதில் ஆரம்பிப்பது?

பட்டறைக்காரர் எழுதியது:

சகோதரி, 22 வருஷமாக டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டிலிருந்து “டிவி ஓடவில்லை” என்று அழைப்பு வந்தால் பெரும்பாலும் டிவியில் ஒரு கோளாறும் இருக்காது. உங்கள் அம்மா அழுத்தியது ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பட்டனாகத்தான் இருக்கும். டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைகள் இரண்டு மூன்று இருக்கின்றன இல்லையா, செட்டாப் பாக்ஸ் அதில் ஒன்றில் செருகியிருக்கும். அந்தப் பட்டனை அழுத்தினால் டிவி வேறொரு ஓட்டையைப் பார்க்கப் போய்விடும். அங்கே எதுவும் செருகவில்லை, அதனால் ‘சிக்னல் இல்லை’. டிவி கெடவே இல்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். எதையும் அவர் கெடுக்கவில்லை என்பதை அவர் காதால் கேட்க வேண்டும்.

அடுத்து, டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். பெரும்பாலான புது டிவிகளில் எச்டிஎம்ஐ-சிஇசி என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கும். செட்டிங்ஸில் ‘எச்டிஎம்ஐ கன்ட்ரோல்’ போன்ற பெயரில் தேடுங்கள். டிவியிலும் பாக்ஸிலும் அதை ஆன் செய்துவிட்டால், பாக்ஸ் ரிமோட்டில் பவர் அழுத்தியதும் டிவியும் தானாக எழுந்து, பாக்ஸ் இருக்கும் ஓட்டைக்குத் தானே போய் நிற்கும். ஒலியையும் அதே ரிமோட்டில் வைத்துக்கொள்ளலாம். பழைய பாக்ஸாக இருந்து இந்த வசதி இல்லாவிட்டால், டிவி ரிமோட்டின் பவர், வால்யூம் பட்டன்களின் சிக்னலைப் பதிந்து ‘கற்றுக்கொள்ளும்’ ரிமோட் தனியாகக் கிடைக்கும். அதில் பட்டன் ஏழெட்டுதான் இருக்கும்.

இன்னொன்று. ரிமோட் வேலை செய்கிறதா, பேட்டரி போய்விட்டதா என்று நீங்கள் அங்கே இல்லாமலே பார்க்கலாம். ரிமோட்டிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போன் கேமராவுக்குத் தெரியும். வீடியோ காலில் அம்மாவை ரிமோட்டின் முனையை கேமரா பக்கம் காட்டி ஒரு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மின்னினால் ரிமோட் நல்லபடி இருக்கிறது. பின்பக்க கேமராவில் சில போன்களுக்கு இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. முன்பக்க கேமராவில் பாருங்கள்.

செம்பருத்தி எழுதியது:

குரலில் பேசும் ரிமோட் வாங்கிக் கொடுக்கலாமே என்று சொல்ல வந்தேன், பிறகு என் தாத்தாவுக்கு வாங்கியது நினைவு வந்தது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். தாத்தா அழுத்துவார், விட்டுவிடுவார், பிறகு பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் யோசிக்க நிற்கும்போது அது கேட்பதை முடித்துக்கொண்டு எதையாவது தேட ஆரம்பித்துவிடும். “நான் பேசி முடிக்கவே இல்ல, அதுக்குள்ள பதில் சொல்லுது” என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். பேச்சில் இடைவெளி விடுகிற வயதானவர்களை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. பக்கவாதம் வந்து கை வராத என் பெரியப்பாவுக்கோ அதே குரல் வசதிதான் பெரிய உதவி. படுத்தபடியே விளக்கு போடுகிறார், போன் செய்கிறார். ஆளைப் பொறுத்தது.

இரவுப்பணி எழுதியது:

பக்கவாதம், மறதிநோய் வந்தவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்குவது என் தொழில். வாசல்விளக்கு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மனம் புண்படக் கூடாது. சொல்லிக்கொடுக்கும்போது ரிமோட் யார் கையில் இருந்தது?

பெரும்பாலும் பிள்ளைகள் கையில்தான் இருக்கும். “இங்க பாரும்மா, இத அமுக்கினா இது வரும், இத அமுக்கினா அது வரும்” என்று நாலு விநாடியில் செய்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். பார்த்தவருக்கு அது கண்கட்டு வித்தை மாதிரி. அவர் கை எதையும் கற்கவில்லை.

கையின் நினைவு வேறு, தலையின் நினைவு வேறு. இதற்கு மருத்துவத்தில் பேர்போன ஒரு சாட்சி உண்டு. எச்.எம். என்று மருத்துவ உலகம் அழைத்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியாமல் போனது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். இதற்கு முன் அதைச் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் நாளுக்கு நாள் கோடு சுத்தமாக வந்தது. தலை மறந்துவிட்டது, கை கற்றுக்கொண்டது. உங்கள் அம்மாவுக்கு மறதிநோய் என்று நான் சொல்லவே இல்லை. வயதாகும்போது புதிய தகவலைத் தலையில் ஏற்றுவது எல்லோருக்கும் மெதுவாகும். கையின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது.

இன்னொரு விஷயம், தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்பது இந்த வயதில் எப்போதும் ஒத்துவராது. நினைவுக் குறைவு உள்ளவர்கள் முதலில் செய்த தவறையே திரும்பத் திரும்பச் செய்வார்கள், தப்பும் ஒரு பழக்கமாகப் பதிந்துவிடும். பேட்லி, வில்சன் என்ற இருவர் 1994-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தவறே நேராதபடி கூட இருந்து கற்றுக்கொடுத்தபோது அவர்களுக்கு நன்றாகப் பதிந்தது. அதனால் நான் செய்வது இது: என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். பாடம் முடியும்வரை அந்தக் கை முன்னால் வராது. ஒரே ஒரு வேலை, உதாரணமாக ஆன் செய்வது மட்டும். அவர் விரல் தவறான பட்டனுக்குப் போகும் முன்பே “அதுக்கு மேல இருக்கிறது” என்று சொல்லிவிடுவேன். செய்து முடித்ததும் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் வேறு பேச்சு. மறுபடி அவரே ஆன் செய்வார். பிறகு ஐந்து நிமிஷம் கழித்து, அரை மணி கழித்து, மாலையில் ஒருமுறை. இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் பத்துத் தடவை செய்ய வைப்பதைவிட இது நிற்கும். சேனல் மாற்றுவது அடுத்த வாரம். அவசரமே வேண்டாம்.

நீலக்குடை எழுதியது:

எல்லோரும் கற்றுக்கொடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏன் கற்க வேண்டும்? 78 வயதில் அவருக்கு வாஷிங் மெஷின் வேண்டுமா என்று யாராவது கேட்டோமா? என் அத்தை வீட்டில் நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கேமரா மட்டும் வைத்தேன். விழுந்துவிட்டால் எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மற்றதை வாரம் ஒருமுறை நான் போய்ச் செய்து கொடுக்கிறேன். பாதுகாப்புதான் முதலில். டிவி எல்லாம் அப்புறம்.

இரவுப்பணி எழுதியது:

நீலக்குடை, உங்கள் அக்கறை புரிகிறது. அத்தை கேமராவுக்கு ஒப்புக்கொண்டாரா?

நீலக்குடை எழுதியது:

சொன்னேன், “சரிப்பா” என்றார். ஒரு வாரத்தில் அதன்மேல் துண்டைத் தொங்கவிட்டார். எடுக்கச் சொன்னால் எடுப்பார், மறுநாள் மறுபடி துண்டு.

மாலைநடை எழுதியது:

எனக்கு 74 வயது. இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

நீலக்குடை தம்பி, உங்கள் அத்தை அந்தத் துண்டின் மூலம் உங்களிடம் பதில் சொல்லிவிட்டார். வாயால் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். விழுந்தால் தெரிய வேண்டும் என்பது நியாயமான பயம். அதற்குக் கழுத்தில் மாட்டும் அழைப்புப் பட்டன் இருக்கிறது, விழுந்ததை உணரும் கைக்கடிகாரம் இருக்கிறது. அவர் உடை மாற்றுவதையும் தூங்குவதையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எதை வைப்பது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்வதில்லை.

எங்கள் விரல் காய்ந்து போயிருக்கும். தொடுதிரை விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொட்டதை அறிகிறது. காய்ந்த தோலை அது சில சமயம் கண்டுகொள்ளாது. தொட்டேன், நடக்கவில்லை. சரி என்று அழுத்தித் தொடுவேன். அழுத்தினால் விரல் நீண்ட நேரம் நிற்கும். நீண்ட நேரம் நின்றால் போனுக்கு அது வேறொரு கட்டளை. ஐகான்கள் எல்லாம் ஆட ஆரம்பிக்கும், ஒன்று இடம் மாறும், ஒன்று மறைந்துவிடும். அப்போது மகன் வந்து “என்னப்பா பண்ணினீங்க” என்று கேட்பான். நான் ஒன்றும் பண்ணவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் ஈரப்பசைக் களிம்பு தடவிக்கொண்டு, நகத்தால் இல்லாமல் விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்லி பேத்திதான் கற்றுக்கொடுத்தாள். செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதியில் ‘எவ்வளவு நேரம் தொட்டால் அது அழுத்திப் பிடித்ததாகக் கணக்கு’ என்பதை நீட்டிவிடலாம். அதையும் அவள்தான் மாற்றினாள். அன்றிலிருந்து ஐகான் ஆடவில்லை.

வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் ‘பீப்’ என்று கூவுமாம். எனக்கு அது கேட்பதே இல்லை. வயதில் முதலில் போவது மெல்லிய, உச்சஸ்தாயி ஒலிகள்தான். சாம்பல் நிறப் பலகையில் வெளிர்சாம்பல் எழுத்து போட்டிருப்பார்கள், அழகாக இருக்கும், எங்களுக்கு அது வெறும் பலகை. கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் ஒன்று போலத் தெரியும். “நீல விளக்கு எரிந்தால் சரி, பச்சை எரிந்தால் தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனால் நாங்கள் என்ன செய்வது?

மகன் அன்போடு ஸ்மார்ட் பல்பு மாட்டிக் கொடுத்தான். போனிலிருந்து போடலாம், அணைக்கலாம். ஆனால் 50 வருஷமாக அறையை விட்டு வெளியே வரும்போது என் கை தானாகச் சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்துவிடும். சுவிட்சில் மின்சாரம் நின்றால் அந்த பல்பு போனுக்கு அகப்படாது. “சுவிட்சத் தொடாதீங்கப்பா” என்றான். இருட்டில் போனைத் தேடி, கண்ணாடியைத் தேடி, பிறகு விளக்கு. பத்து நாளில் நானே பழைய பல்பை மாட்டினேன். மகன் வருத்தப்பட்டான். பிறகு அவனே யோசித்து, பல்பை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சையே ஸ்மார்ட் சுவிட்சாக மாற்றினான். இப்போது அவன் போனிலிருந்தும் போடலாம், நான் சுவரிலும் தட்டலாம். என் கை எங்கே போகிறதோ அங்கேயே விளக்கு இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள்: “ரொம்ப ஈஸிப்பா” என்று ஆரம்பிக்காதீர்கள். ஈஸியான ஒன்று வரவில்லை என்றால் பிறகு வாய் திறந்து எப்படிக் கேட்பது? வாசல்விளக்கின் அம்மா டிவியைத் துணி போட்டு மூடியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நானும் ஒரு போனை இழுப்பறையில் வைத்து மூடியிருக்கிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா சொன்னதோடு என் பங்குக்கு. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு மூன்றிலும் ‘சைல்ட் லாக்’ என்று ஒன்று உண்டு. ஏதோ ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், அதே மாதிரி பிடித்தால் திறக்கும். பெரியவர்கள் அழுத்திப் பிடிப்பதால் தெரியாமலே பூட்டிவிடும். பிறகு எந்தப் பட்டனும் வேலை செய்யாது, சின்னதாக ஒரு சாவிப் படமோ பூட்டுப் படமோ மட்டும் எரியும். மெஷின் போச்சு என்று எனக்குப் போன் வரும். இதையும் சொல்லி வையுங்கள். கதவும் அப்படித்தான்: முன்பக்கம் திறக்கும் மெஷினில் துவைத்து முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிஷம் பூட்டு விடாது. இழுத்து இழுத்துக் கைப்பிடியை உடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வாஷிங் மெஷினில் 15 விதமான துவைப்பு முறைகள் இருந்தாலும் அம்மாவுக்கு வேண்டியது ஒன்று. அந்த இடத்தில் புடைப்பாக ஒரு ஒட்டுப்பொட்டு வையுங்கள், தொட்டால் தெரிய வேண்டும். பட்டன் போனின் 5-ஆம் எண்ணில் ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, அதே உத்தி. பட்டன் போன் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இப்போதே தடவிப் பாருங்கள்.

இண்டக்ஷன் என்றதும் ஞாபகம் வந்தது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அடுப்பின் அருகே சாய்ந்து நின்று வேலை செய்யக் கூடாது. 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள். வாங்கும் முன் அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசல்விளக்கு எழுதியது:

இரவுப்பணி கேட்ட கேள்விக்குப் பதில்: ரிமோட் என் கையில்தான் இருந்தது. மூன்று முறையும்.

எல்லோருக்கும் நன்றி. மாலைநடை ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பல்பு விஷயம் வந்ததும் “ஆமா, ஆமா” என்றார். அடுத்த வாரம் லீவு போட்டுப் போகிறேன்.

போன் பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. யாரோ வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அம்மாவிடம் ஏதோ ஆப் இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, அவருக்கு இறக்கத் தெரியவில்லை. இனி பழகிவிட்டால் என்ன ஆகும்?

செம்பருத்தி எழுதியது:

இறக்கச் சொன்னது திரையைப் பகிரும் ஆப்பாக இருக்கலாம். அதைப் போட்டுவிட்டால் அம்மாவின் திரையில் வருவதெல்லாம், ஓடிபி உட்பட, எதிரே இருப்பவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரே விதி: பணம், ஓடிபி, ஆப் இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் “என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று போனை வைத்துவிட வேண்டும். நல்லவனாக இருந்தாலும் வைத்துவிடலாம், மரியாதைக் குறைவு ஆகாது. இதை வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். நான் மோசடிக்காரன் மாதிரி தாத்தாவுக்குப் போன் செய்து பேசுவேன், அவர் வைத்துவிடுவார். பத்துத் தடவையாவது செய்திருப்போம்.

ஐபோனில் தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி உண்டு. ஆனால் மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பும் அதில் சிக்கிவிடும், யோசித்துச் செய்யுங்கள். ஐபோன்தான் என்றால் 2023-இல் ஐஓஎஸ் 17 என்ற ஐபோன் மென்பொருளுடன் வந்த ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ என்பதையும் பாருங்கள். நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும் திரையில் இருக்கும்.

ஏமாந்துவிட்டால் திட்ட மாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் வங்கிக்குச் சொல்ல வேண்டிய நேரம் போய்விடும்.

வாசல்விளக்கு எழுதியது:

போய் வந்துவிட்டேன். ஆறு நாள் இருந்தேன்.

டிவி ரிமோட் இப்போது அலமாரியில். எச்டிஎம்ஐ கன்ட்ரோல் ஆன் செய்தேன், பாக்ஸ் ரிமோட்டிலேயே இரண்டும் எழுந்துகொள்கின்றன. முதல் நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது எனக்குப் பெரிய சோதனை. அம்மா பவர் பட்டனைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு தடவை என் கை முன்னால் வந்துவிட்டது. இரண்டாவது தடவை அம்மாவே “கைய எடு” என்றார்.

ஒரு சிக்கல் வந்தது. பாக்ஸ் எழுந்து படம் வர கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகிறது. அதற்குள் நடக்கவில்லை என்று நினைத்து அம்மா மறுபடி அழுத்துவார், அது அணைந்துவிடும். இத்தனை நாள் இதுதான் நடந்திருக்கிறது. காத்திருக்கச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் ஆனது. மற்றபடி ஐந்தாம் நாள் காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

வாஷிங் மெஷினை ஆரம்பிக்கவில்லை. “அத அப்புறம் பாக்கலாம்” என்றார், சரி என்று விட்டுவிட்டேன்.

நான் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் நோட்டில் தானே எழுதிக்கொண்டார்.

மாலைநடை எழுதியது:

அவர் எழுதியதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அனுமதித்தால் இங்கே போடுங்கள் அம்மா.

வாசல்விளக்கு எழுதியது:

கேட்டேன், போடச் சொன்னார். அப்படியே தருகிறேன்.

“மேலே சிவப்பு பட்டன். ஒருமுறைதான்.
60 வரை எண்ணு. அதுவரை தொடாதே.
படம் வந்தால் சரி.
வராவிட்டால் சுவரில் அணைத்துப் போடு. மறுபடி எண்ணு.
அது கெட்டுப்போகாது.”